புழல் குறும்பர்

புழல் குறும்பர், இன்றைய அம்பத்தூர், ஆவடி, செங்குன்றம் வட்டாரத்தைப் புழல் கோட்டையிலிருந்து ஆண்டதாகச் சொல்லப்படும் குறுநில மரபினர். ஆடு வளர்ப்பும் கம்பளி நெசவும் இவர்களது தொழில். ஓயாத உட்பகையால் சலித்த குலத்தலைவர்கள் கொமண்ட குறும்பப் பிரபு என்பவரை அரசராக ஏற்று, தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுத்து ஆண்டனர் என்கிறது மரபு. பின்னர் சமணம் தழுவினார்கள். காலின் மெக்கன்சி (இறப்பு 1821) திரட்டிய சுவடிகளும், குஸ்தவ் ஆப்பர்ட் 1893இல் வெளியிட்ட நூலும் இவற்றைச் சொல்கின்றன.

இவர்களை வென்றவன் ஆதொண்டைச் சோழன். முதற்போரில் தோற்று அவன் பின்வாங்கிய இடம் சோழன்பேடு. அம்பத்தூர், திருமுல்லைவாயில் பகுதியில் சோழம்பேடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. வழியில் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்ட, அடியில் இருந்த லிங்கத்தில் குருதி பெருகியதாம். இறையருளுடன் மீண்டும் போரிட்டு ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவர்களை வென்றான். அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகக் கூறப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கருவறை முன் நிற்கின்றன. நந்தி, போருக்குத் துணைபோகும் பாவனையில், இறைவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்குகிறது. லிங்கத்தின் வெட்டுக்காயத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

கால வரிசையில்தான் சிக்கல். ஆதொண்டையைக் குலோத்துங்கனின் மகன் என்கிறது சுவடி மரபு. முதலாம் குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறியவன். தொண்டைமான் என்னும் மன்னனின் யானையை முல்லைக்கொடி தளைத்த செய்தியையோ, குலோத்துங்கனுக்குப் பல தலைமுறை முந்திய சுந்தரரே பாடிவிட்டார். அங்கே குறும்பர் பேச்சே இல்லை. கோட்டம் என்னும் நிலப்பிரிவும் பல்லவர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஆகவே பழைய தலபுராணத்தோடு பிற்காலப் போர்க்கதை ஒன்று ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம். குறும்பரைப் பல்லவரின் வழித்தோன்றல்கள் என்று 1891ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை கூறியது. அதற்கு வலுவான சான்று கிடையாது. ஆனாலும் குறும்பரை முழுக் கற்பனை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தோற்றவர்களுக்குக் கல்வெட்டு வாய்ப்பது அரிது. இவர்களைப் பற்றி எஞ்சியதெல்லாம் வென்றவர் தரப்பு சொன்னதே.

போருக்குப் பின் ஆதொண்டை வேளாளரை வரவழைத்துக் குடியேற்றினான் என்று அம்மரபு முடிகிறது. சமணம் மட்டும் புழலை விட்டுப் போகவில்லை. அங்குள்ள ஆதிநாதர் கோயிலில் இப்போதும் வழிபாடு நடக்கிறது.