ஒற்றைத் தோட்டா ரைஃபிளும் அதன் நகல்களும்

ஒரு முறை கெட்டித்து ஒரே ஒரு வேட்டு வைக்கக்கூடிய, குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிப்பள்ளம் ஓடும் நீளத் துப்பாக்கியே ஒற்றைத் தோட்டா ரைஃபிள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் படைகள் இதைக் கைகழுவிவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இத்தாலியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய மாதிரிகளைப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். எந்தப் பட்டறையின் நகலை வாங்குவது என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது என்று வெளிநாட்டு நூல்களைப் படித்தால் தோன்றும். இந்தியாவில் அந்தக் கேள்வி அதற்கும் மிகப் பழையது. ஆனால் இங்கே விடை சொன்னவர் பெரும்பாலும் துப்பாக்கியைப் பிடித்தவர் அல்ல; அவரை ஆண்டவர்.

கொங்கு நாட்டில் சோமனூர், சூலூர், அவிநாசி வட்டாரம் கும்பினி ஆட்சிக்குப் போன காலத்தில் பாளையக்காரர் படைகளில் ஈட்டியும் வாளும்தான் மிகுதி. துப்பாக்கி என்று இருந்தது பெரும்பாலும் திரித்துப்பாக்கி. விசையை அழுத்தினால் புகையும் திரி தாழ்ந்து மருந்துக் கிண்ணத்தைத் தொடும். வேறு நுட்பம் கிடையாது. போர்த்துகீசியர் வழியாகத் தென்னிந்தியக் கரைக்கு வந்த இதை உள்ளூர்க் கொல்லர்கள் பார்த்துச் செய்து, குழலை நீட்டி, தடிப்பாக்கி, தமக்கென ஒரு மாதிரியாகவே மாற்றிக்கொண்டார்கள். கெட்டிக்க நேரம் பிடிக்கும், மழையில் உதவாது. தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டபோது கொங்கில் ஆயுதமேந்திய எதிர்ப்பு ஏறத்தாழ முடிந்தது. அதற்கு முன்பே, மருது சகோதரர்கள் வீழ்ந்த 1801ஆம் ஆண்டின் டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்திருந்தது.

கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்ததும் ஒரு நகல்தான். பிரிட்டிஷ் தரைப்படையின் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு 42 அங்குலக் குழல். கிழக்கிந்தியக் கும்பினி செலவைக் குறைக்க 39 அங்குலக் குழலும் எளிய பித்தளைப் பாகங்களும் கொண்ட மாதிரியை லண்டன், பர்மிங்காம் பட்டறைகளில் செய்வித்தது. பிரெஞ்சுப் போர்களில் துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசு கும்பினியின் இருப்பை வாங்கிக்கொண்டது. பிறகு அதே மாதிரியைத் தன் சொந்தப் படைக்கே ஏற்றது. ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற பெயர் அப்படி வந்தது. மலிவுப் பதிப்பு மூலத்தையே ஓரங்கட்டிய இதைத் துப்பாக்கி வரலாற்று நூல்கள் அடிக்குறிப்பில் ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என்ஃபீல்டு முதல் மார்ட்டினி வரை

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு .577 அங்குல வாய் கொண்டது. வாய்வழியே மருந்து கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுவது. கொழுப்புத் தடவிய இதன் காகிதத் தோட்டாவைப் பற்றிய சந்தேகம்தான் 1857 எழுச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்று என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் வராத பகுதி அடுத்தது. எழுச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கு 1858 மாதிரி கொடுத்தார்கள். வெளித்தோற்றத்தில் அதே என்ஃபீல்டு. குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லை. குறி வெகுதூரம் நிற்காது. வெள்ளைச் சிப்பாயிடம் ரைஃபிள், இந்தியச் சிப்பாயிடம் அதன் உருவப் போலி!

1866இல் ஜேக்கப் ஸ்னைடரின் முறைப்படி என்ஃபீல்டுகளின் அடிப்பகுதியை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடி பொருத்தி, பின்வழியே தோட்டா போடும்படி மாற்றினார்கள். 1871இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. அமெரிக்கரான பீபாடியின் கருத்தை சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய மார்ட்டினி திருத்தினார். குழலின் வரிப்பள்ளம் எடின்பரோ ஹென்றியுடையது. கீழேயுள்ள நெம்புகோலை இறக்கினால் அடைப்புக்கட்டை தாழும், பழைய உறை வெளியே தெறிக்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை ஏற்றினால் சுடத் தயார். வெளியே குதிரை கிடையாது. இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு உறுதியான பொறி அமைந்ததால்தான் இதை எவரும் நகலெடுக்க முடிந்தது.

நகலெடுத்தோரில் பெயர் பெற்றவர்கள் கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள், குறிப்பாகத் தர்ரா ஆதம் கேல் ஊரார். இவர்களது மார்ட்டினியின் வலப்பக்கத் தகட்டில் கிரீடம் இருக்கும், விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ இருக்கும், கீழே ஆண்டும் இருக்கும். ராணி இறந்தது 1901இல்; முத்திரையிலோ அதற்குப் பிந்திய ஆண்டு. ஆங்கில எழுத்து அறியாத கை வெட்டியதால் ‘என்’ எழுத்து இடவலம் மாறி நிற்கும். சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிரிக்க முடியாத விஷயம் குழலின் இரும்பு. கிடைத்த இரும்பில் செய்த அந்தக் குழல்கள் கருமருந்தின் அழுத்தத்தையே சில நேரம் தாங்கா. புகையற்ற மருந்தான கார்டைட், நம் பக்கத்து நீலகிரியில் அரவங்காடு தொழிற்சாலை செய்த அதே வகை மருந்து, அவற்றில் வெடித்தால் சுடுகிறவருக்கே ஆபத்து.

நேபாளத்தின் கதை வேறு. பிரிட்டிஷார் மார்ட்டினியைத் தாராளமாகத் தராததால் தளபதி கேஹேந்திர ஷம்ஷேர் தம் நாட்டிலேயே ஒரு மாறுபட்ட வடிவத்தைச் செய்வித்தார். கையால் அரம் போட்டுச் செய்தவை என்பதால் ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தாது. காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் தூங்கிய இந்தப் பழைய இருப்பை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். இன்று கேஹேந்திர ரைஃபிளுக்குத் தனி மதிப்பு உண்டு.

மறுஉருவாக்கத் தொழில்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு நெருங்கிய 1950களின் பிற்பகுதியில், பழைய போர்களை நடித்துக்காட்டுவோருக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. இத்தாலியின் கார்டோனே வட்டாரத்தில் பெடர்சோலி 1957இலும் உபெர்ட்டி 1959இலும் தொழில் தொடங்கின. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் 1970களில் என்ஃபீல்டை மீண்டும் செய்தது; மூல அளவுகோல்களைப் பார்த்துச் செய்ததாலும், குழல் வேலையின் நேர்த்தியாலும், குறிசுடுவோர் பழைய பார்க்கர்-ஹேலையே இன்றும் தேடுகிறார்கள்.

பின்வழி ரைஃபிள்களில் அதிகம் நகலானது ஷார்ப்ஸ். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. மூல நிறுவனம் 1881இல் மூடப்பட்டது. மொன்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் மட்டும் ஷைலோ, சி. ஷார்ப்ஸ் என இரண்டு பட்டறைகள் இதைச் செய்கின்றன. 1990இல் வந்த ‘குவிக்லி டவுன் அண்டர்’ படத்தில் ஷைலோவின் ரைஃபிள் நடித்தபின் அங்கே ஆர்டர் கொடுத்தவர்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருக்க மனமில்லாதவர் இத்தாலிய நகலைக் கடையிலேயே எடுத்துக்கொள்வார். ஒரு சிக்கல் உண்டு: இறக்குமதியாளரின் பெயர் பெரிதாகப் பொறித்திருக்கும், செய்தவர் பெயர் சிறிதாக ஒளிந்திருக்கும். கார்டோனே சோதனைக்கூட முத்திரையையும் அதன் அருகே கட்டத்துக்குள் இருக்கும் ஆண்டுக்குறி எழுத்துகளையும் பார்த்தால் செய்த காலம் தெரிந்துவிடும்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. லங்காஷயர் வடிவத்தின் வழிவந்த பழைய விசைத்தறி வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. பக்கச் சட்டத்தையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் பல்சக்கரத் தேய்மானத்தையும்தான் பார்ப்பார். ரைஃபிளிலும் மரக்கட்டையின் பளபளப்பு கடைசி. குழல், அடைப்புக்கட்டையின் இறுக்கம், விசையின் இழுப்பு, இவைதான் முதலில். இத்தாலிய நகல்களில் பொதுவாகக் குழல் நன்றாக அமையும். விசைப்பொறியில்தான் ஆளுக்கு ஆள் குறை சொல்வார்கள்.

இந்தியாவும் இந்தச் சந்தையில் இருக்கிறது. பிரிட்டிஷ் சக்கிமுக்கித் துப்பாக்கியான பிரவுன் பெஸ் போன்ற வாய்வழித் துப்பாக்கிகளின் இந்திய நகல்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகின்றன. பல, தீத்துளை இடாமல் அனுப்பப்படுகின்றன. துளை இல்லாதவரை அது சுடும் ஆயுதம் ஆகாது. விலை இத்தாலியப் பொருளைவிடக் குறைவு. ஆனால் சோதனை முத்திரை இல்லாத குழலில் துளை போட்டு மருந்து கெட்டிப்பது வாங்குபவர் தலையில் விழும் பொறுப்பு. நடிப்புக்கு வாங்கலாம், குண்டு போட்டுச் சுட என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்றைய இந்தியச் சட்டத்தில்

லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது. குடகர்களுக்கு 1861 முதலே விலக்கு இருந்தது. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இஷாப்பூர் தொழிற்சாலை .303 ரைஃபிள்களை வரிப்பள்ளமில்லாத .410 ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றிப் போலீசுக்கும் காவலர்களுக்கும் தந்ததில் 1858இன் புத்தியே தெரிகிறது: பறிபோனாலும் பெரிய பயன் தராத ஆயுதம்.

இப்போது 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. உரிமப் புத்தகங்களில் எஸ்.பி.எம்.எல். என்றால் வாய்வழி ஒற்றைக்குழல், எஸ்.பி.பி.எல். என்றால் பின்வழி ஒற்றைக்குழல். பயிர்க்காவலுக்கென்று உரிமம் கேட்க வழியுண்டு. கொங்கின் மலையோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை பெரிது. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால் கையில் துப்பாக்கி இருப்பதும் சுட அனுமதி இருப்பதும் வேறுவேறு. தனியார் இறக்குமதி 1980களிலேயே நிறுத்தப்பட்டதால் பெடர்சோலியும் ஷைலோவும் சாதாரண உரிமதாரருக்கு எட்டாதவை. மீர் காசிம் 1760களில் ஆயுதச்சாலை வைத்த முங்கேர், அதன்பின் ஜம்மு, இவ்விரு ஊர்களின் உரிமம் பெற்ற பட்டறைகளும் அரசுத் தொழிற்சாலைகளுமே புதிதாக வாங்க வழி. அவை செய்யும் ஒற்றைக்குழல்களில் பெரும்பாலானவை வரிப்பள்ளமில்லாத 12 போர் ரவைத் துப்பாக்கிகள்; ரைஃபிள் அல்ல. மூன்றாவது வழி தாத்தா காலத்து பிரிட்டிஷ் துப்பாக்கியை வாரிசாகப் பெயர் மாற்றிக்கொள்வது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.