உரை மெனு (எம்பெடட் கருவிகளில்)

திரையில்லாத மைக்ரோகன்ட்ரோலர் கருவியைச் சீரியல் கேபிள் வழியே கணினியுடன் இணைத்து, எண்ணைத் தட்டிக் கட்டளையிட உதவும் பட்டியல். பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டத்தின் மென்பொருள் தொகுப்பும் சீரியல் முனையம் வழியாகவே, நொடிக்கு 19,200 பிட் வேகத்தில், பயனருடன் பேசுகிறது.

மெனுவின் ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்ட்ரக்ட்: தலைப்பு, அதற்குரிய ஃபங்ஷன் பாயின்டர். இந்த அரேயை ‘கான்ஸ்ட்’ என அறிவித்தால் பொதுவாக ஃபிளாஷிலேயே தங்கும், ரேம் மிச்சமாகும். நீண்ட ‘ஸ்விட்ச்’ எழுதுவதைவிட இதுவே மேல்.

பாபநாசம் அணைக்கு நீர்மட்ட அளவி ஒன்று செய்வதாகக் கொள்வோம். எச்சரிக்கை மட்டத்தைக் கேட்க ‘ஸ்கேன்எஃப்’ வைத்தால், ஆள் தட்டும்வரை நிரல் அங்கேயே நிற்கும்; அளவீடும் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை ஏற்கவே முடியாது. எனவே வரும் எழுத்துகளை இன்டரப்ட் மூலம் ரிங் பஃபரில் சேர்த்து, முதன்மை லூப் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இலக்கங்களை மட்டும் ஏற்று, அணையின் முழு மட்டமான 143 அடியைத் தாண்டும் எண்ணை மறுக்க வேண்டும். என்டர் விசைக்குச் சில முனையங்கள் ஒரு குறியையும், சில இரண்டையும் அனுப்பும். அந்த இரண்டை ஒன்றாகக் கொள்ளாவிட்டால் மெனு இருமுறை அச்சாகும்.