கோயம்பேடு மூடப்பட்டபோது

சென்னையின் காய்கறி மொத்த வணிகம் நெடுங்காலம் ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நடந்தது. அங்கிருந்த இட நெருக்கடியால் 1996இல் அது கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சுமார் 295 ஏக்கர் வளாகம்; 3,000க்கும் மேற்பட்ட கடைகள். நீலகிரி கேரட்டும் ஓசூர்த் தக்காளியும் இரவில் லாரிகளில் வந்திறங்கி, விடிந்ததும் தெருமுனைக் கடைகளுக்குப் போயின. சிறு விவசாயிகள் பெரும்பாலும் கமிஷன் மண்டிகளை நம்பியே சரக்கை அனுப்பினார்கள். விற்ற பணத்தில் தரகு, ஏற்றிறக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கழிந்து மிஞ்சியதுதான் அவர்களுக்கு.

2020 மார்ச் இறுதியில் கொரோனா பொதுமுடக்கம் வந்தது. காய்கறி அத்தியாவசியப் பொருள் என்பதால் லாரிகளுக்கு அனுமதி இருந்தது. ஆனால் விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் மூடியிருந்ததால் மொத்தமாக வாங்க ஆளில்லை. கோடையை நம்பிப் பயிரிட்ட தர்பூசணி வயலிலேயே அழுகியது. கோவில் நடைகள் சாத்தப்பட்டதால் பூ விவசாயிகளின் பாடு இன்னும் மோசமானது. மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறித்து அன்றே விற்றாக வேண்டும். பறிக்காவிட்டால் செடியிலேயே மலர்ந்து உதிரும்; பறித்தால் பறிகூலிக்குக்கூட விலை கட்டாது.

ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு முடக்கம் என்று அறிவிக்கப்பட்டதும் மக்கள் சந்தையில் குவிந்தார்கள். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு பெரிய தொற்று மையமானது. ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலும் தொற்று பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. நகரத்தில் காய்கறி விலை ஏறியது. வயலிலோ வாங்க ஆளின்றி விளைச்சல் தேங்கியது.

சில நாட்களில் காய்கறி வணிகம் திருமழிசைக்கும், பழ வணிகம் மாதவரத்துக்கும், பூ வணிகம் வானகரத்துக்கும் பிரிந்தன. திருமழிசையின் திறந்தவெளியில் தற்காலிகக் கடைகளே இருந்தன. மழை பெய்தால் தரை சேறாகி, இறக்கிய மூட்டைகள் நனைந்து வீணாயின. தோட்டக்கலைத் துறை வாகனங்களில் காய்கறியைத் தெருத்தெருவாக விற்றது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், விவசாயியே நேரடியாக விற்பதற்காக ஏற்பட்டது. அந்தச் சந்தைகளும் இடைவெளி தேடிப் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாறின. ஆயினும் பெருநகரின் தேவைக்கு இந்த ஏற்பாடுகள் ஈடாகவில்லை.

நெல்லுக்கு இருப்பதுபோல் தக்காளிக்கோ கத்தரிக்கோ குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. அதனால் வாங்குவோர் குறைந்தாலும் சந்தை மூடினாலும் நஷ்டத்தின் பெரும்பங்கு விவசாயியின் தலையிலேயே விழுந்தது. செப்டம்பர் 28 அன்று கோயம்பேட்டில் காய்கறி மொத்த வணிகம் மீண்டும் தொடங்கியது. அதற்குள் ஏறத்தாழ 5 மாதங்கள் கடந்திருந்தன.