பூண் இல்லாத கோல்

போன மாதம் பேரன் தோளில் ஒரு நீளப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். காந்தி ரோடு பக்கம் ஒரு மாடியில் பூல் மேஜை போட்டிருக்கிறார்களாம். சாயங்காலம் அங்கே போய் ஆடுகிறான். இப்போது சொந்தமாகக் கோலே வாங்கிவிட்டான். இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற கோல். அதன் தடித்த முனையில் கறுப்பாக ஒரு ரப்பர் குமிழ்.

"தாத்தா, பரண் மேல இருக்கே உங்க பழைய கோல், அதுக்கு ரப்பரே இல்லையே. ஒண்ணு ஒட்டித் தரட்டுமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. யோசித்து இங்கே எழுதுகிறேன்.

அது என் தாய்மாமாவின் கோல். நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. அதற்குப் பிறகும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுதான். மாமா கடற்கரைப் பக்கத்து கிளப் ஒன்றில் மார்க்கர். கணக்கு எழுதுவது, மேஜைத் துணியைத் துலக்குவது, கோல்களைப் பராமரிப்பது எல்லாம் அவர் வேலை. ஆள் குறைந்தால் தானும் ஆடுவார். விடுமுறை நாளில் என்னையும் கூட்டிப் போவார்.

அங்கே இருந்தது பிரெஞ்சு மேஜை. மூலையில் பை கிடையாது. மூன்றே பந்துகள். நம் பந்தை அடித்து மற்ற இரண்டையும் தொட வைக்க வேண்டும். (ஐரோப்பாவில் போட்டி மேஜையின் கற்பலகையை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். புதுச்சேரி வெயிலுக்கு அந்தச் செலவு மிச்சம்!)

இந்தக் கோலுக்கு ஆங்கிலத்தில் 'கியூ' என்று பெயர். அதன் மூலம் பிரெஞ்சு. அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு வால் என்று அர்த்தம். ரேஷன் கடையில் நிற்கிறோமே, அந்த கியூவும் அதே வால்தான். முப்பத்துச் சொச்சம் வருடம் என் மேஜைக்கு முன்னால் நின்றதும் அதுவே.

ஆட்டக்கோலுக்கு வால் என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஆதியில் பந்தை அடித்தது இந்தக் கோலால் அல்ல. முனையில் பட்டையான மரத்தலை வைத்த ஒரு தடியால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேஜையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அந்தத் தலை இடிக்கும். அப்போது தடியைத் திருப்பிப் பிடித்து, வால் பக்கத்தால் குத்துவார்கள். போகப்போக வாலே போதும் என்றாகித் தலை மறைந்துவிட்டது. ஆக, ஒரு தடியின் அடிமுனைதான் இந்த ஆட்டத்தின் கோலாக மாறியது. அடிமுனையை அலட்சியமாக நினைக்கக்கூடாது என்று மாமா சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் கோலின் நுனிக்குத் தோல் வைத்தார் என்பார்கள். அதன் பிறகுதான் பந்தைச் சுழலவிடும் வித்தையெல்லாம் வந்தது. ரப்பர் முதலில் வந்தது மேஜையின் ஓரத்துக்கு. லண்டனில் தர்ஸ்டன் என்ற மேஜைக்காரர் 1830-களில் வைத்துப் பார்த்தார். குளிர்காலத்தில் ரப்பர் கல்லாக இறுகிப்போக, வெந்நீர்ச் சட்டி வைத்து இளக்கினார்களாம். 1840-களில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

கோலின் அடிக்கு ரப்பர் வைப்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க பூல் கோல்களில் அது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேய வழிவந்த பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கோல்களோ பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும். சாம்பல் மரத் தண்டு, அடியில் கருங்காலி ஒட்டு, முடிவில் தட்டையான வெட்டு, அவ்வளவுதான். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்னூக்கர் பிறந்தது 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி உண்டாக்கியது. (பின்னாளில் பிரதமரானவர் வேறு.) அவர் நம் மாகாணத்துக்கு வந்த பிறகு, 1880-களில் ஊட்டி கிளப்பில் அதற்கு விதிகள் எழுதி மாட்டினார்கள். 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றபோது மாமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாராம். எனக்கு அது மங்கலாகத்தான் நினைவு.

ரப்பர் இல்லாததில் சௌகரியம் இல்லாமல் இல்லை. கோலின் எடையே சுமார் அரைக்கிலோ. அடியில் சில கிராம் கூடினாலும் பழகிய கைக்கு வித்தியாசம் தெரியும். குமிழின் திருகு தளர்ந்தால் அடிக்கும்போது 'டக்டக்' என்று ஒரு சத்தம் வந்து ஆட்டத்தையே கெடுக்கும். நம் சீதோஷ்ணத்தில் ரப்பர் சில வருடத்தில் பிசுபிசுக்கும், அல்லது வெடிக்கும். இன்னொன்று, எதிராளி நல்ல அடி அடித்தால் கோலின் அடியைத் தரையில் மெல்லத் தட்டிப் பாராட்டுவது ஒரு மரியாதை. மரம் தட்டினால் கேட்கும். ரப்பர் தட்டினால் ஊமை.

கெடுதல் என்ன என்பதை மாமாவின் சம்பளத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அந்த கிளப்பில் கல் தரை. ஒரு நாள் அவர் கணக்குப் பலகைக்குப் போயிருந்த நேரம், உறுப்பினர் ஒருவருடைய கோலை எடுத்து, பெரியவர்களைப் போல நானும் தரையில் தட்டினேன். ஓங்கித் தட்டிவிட்டேன். கருங்காலி ஓரம் நகக்கண் அளவு பெயர்ந்து வந்தது. சின்ன உடைப்புதான். ஆனால் மரத்தின் வெட்டுமுகம் திறந்துவிட்டால் ஈரம் ஏறும், விரிசல் மேலே ஓடும். மாமா தான் செய்ததாகச் சொன்னார். மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கோலை அவரிடமே தள்ளிவிட்டார்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று அதை என்னிடம் கொடுத்தார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் நான்தான் உடைத்தேன் என்று வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இன்று பேரனிடம் சொன்னேன்.

அவன் ரப்பர் ஒட்ட வேண்டுமென்றால் அடியை அறுத்து மட்டம் செய்ய வேண்டும், துளை போட வேண்டும். அந்த உடைந்த இடம் போய்விடும். 'வேண்டாம்' என்றது அதற்குத்தான்.

எங்கள் மச்சான் (என் மனைவியின் அண்ணன்) ஐம்பது வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். கோலை வாங்கிக் கட்டைவிரலால் அடியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். "சிலாம்பு நிக்குது மாப்ளே. இதப் பாவு பக்கத்துல சாத்தினா பட்டு கோத்துக்கும்" என்றார். "உலக்கைக்கே பூண் போடறோம். இதுக்கு ஏன் கூடாது?" என்றும் கேட்டார். என் கைத்தடியின் அடியில் ரப்பர் இருப்பதையும் விரலால் காட்டினார். வரதராஜப் பெருமாள் கோயில் கல்தளத்தில் நான் வழுக்கிய பிறகு மாட்டிய ரப்பர் அது. பதில் பேச முடியவில்லை.

ஆட்டத்துக்கு மொட்டைக் கோல், வீட்டில் சாத்தி வைக்க ரப்பர் என்று ஒரு வழி தோன்றியது. மறுநாள் ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் ஒன்று வாங்கினேன். இழுத்து மாட்டினால் சரியாக உட்கார்ந்துகொண்டது. பசை இல்லை, ஆணி இல்லை. வேண்டும்போது உருவிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேரன் அந்தக் கோலை மாடிக்கு எடுத்துப்போனான். போகும்போது ரப்பரை உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.