தீச்சுவர் விதிகளின் முன்னுரிமை

தீச்சுவர் விதி முன்னுரிமை என்பது, ஒரே தரவுப் பொட்டலத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் பொருந்தி, ஒன்று அனுமதி என்றும் மற்றொன்று தடை என்றும் கூறும்பொழுது, எவ்விதி செயற்படும் என்பதை முடிவு செய்யும் முறை ஆகும். இம்முறை எல்லாத் தீச்சுவர்களிலும் ஒன்றாக இல்லை. ஒன்றில் பழகியவர் மற்றொன்றிலும் அதே வரிசையில் விதிகளை எழுதினால், பொருள் நேர்மாறாகிவிடக்கூடும்.

முதற் பொருத்தம்

சிஸ்கோ திசைவிகளின் அணுகல் பட்டியலிலும் லினக்சின் ஐபிடேபிள்சிலும் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன. அனுமதி அல்லது தடை கூறும் முதல் பொருத்தமே முடிவு. அதற்குக் கீழுள்ளவை படிக்கப்படுவதில்லை. எதுவும் பொருந்தாவிடில் சிஸ்கோ தடுத்துவிடும். ஐபிடேபிள்ஸ் சங்கிலியின் இயல்புக் கொள்கையைப் பின்பற்றும். மாற்றாத வரை அது அனுமதியே. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் இடம்பெற்ற, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்சு கருவைக் கொண்டதே.

எடுத்துக்காட்டாக, அண்ணனூரில் 192.168.10.0/24 வலையமைப்பு உடைய ஓர் அலுவலகத்தைக் கொள்வோம். வழங்கியின் தீச்சுவரில் முதல் விதி, அவ்வலையமைப்பு முழுவதையும் 22ஆம் போர்ட்டிற்கு அனுமதிக்கிறது. பின்னர் 192.168.10.25 என்ற கணினியில் நச்சுநிரல் புகுந்ததால், அதைத் தடுக்கும் விதி பட்டியலின் இறுதியில் சேர்க்கப்படுகிறது. முதல் விதியே பொருந்திவிடுவதால், அக்கணினி 22ஆம் போர்ட்டை முன்போலவே அணுகும். பட்டியலைப் பார்ப்பவருக்கோ தடை இருப்பதாகவே தோன்றும். பிழைச்செய்தி எதுவும் வராது. எஹாப் அல்-ஷாயர், ஹசெம் ஹமெத் ஆகியோர் 2004இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது 'மறைக்கப்பட்ட விதி' எனப்படும் வகையைச் சார்ந்தது. தடையை முதல் விதிக்கு மேலே செருகுவதே தீர்வு. அப்பொழுதும், ஏற்கனவே நிறுவப்பட்ட இணைப்புகளை அனுமதிக்கும் விதி அதற்கும் மேலே இருந்தால், நடந்துகொண்டிருக்கும் இணைப்பு அறுபடாது.

பிற முறைகள்

ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் தீச்சுவரில் இறுதியாகப் பொருந்தும் விதியே வெல்லும். 'குயிக்' என்ற சொல் சேர்ந்த விதி பொருந்தினால் மட்டும் தேடல் அங்கேயே நின்றுவிடும். மேற்கண்ட அலுவலகத்தின் தவறான பட்டியல் இங்கு சரியாகவே இயங்கும்!

விண்டோசு தீச்சுவரில் வரிசை பொருட்டன்று. வெளிப்படையான தடை, முரண்படும் அனுமதியை வெல்லும். வெளிப்படையான அனுமதி இயல்பான தடையை வெல்லும்.

மேகக் கணிமையில் எண்கள் வழங்கப்படுகின்றன. 2015 முதல் சென்னையிலும் ஒரு வட்டாரத்தைக் கொண்டுள்ள மைக்ரோசாப்ட் அசூரில் பயனர் விதிகளுக்கு 100 முதல் 4096 வரை எண் இடலாம். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஒரே திசையில் இரு விதிகளுக்கு ஒரே எண் இட இயலாது. அமேசானின் பாதுகாப்புக் குழுக்களில் அனுமதி விதிகள் மட்டுமே உள்ளதால் முரண் எழ வழியில்லை.

2014இல் லினக்சு 3.13 கருவுடன் வந்த என்எஃப்டேபிள்ஸ் சற்றுக் குழப்பமானது. இதில் ஒரு சங்கிலி அளித்த அனுமதி அச்சங்கிலிக்கு மட்டுமே முடிவானது. அடுத்து வரும் சங்கிலி அதே பொட்டலத்தைத் தடுக்கலாம். தடையோ உடனடியாக இறுதியாகும்.

கண்டறிதல்

ஐபிடேபிள்ஸ் ஒவ்வொரு விதிக்கும் பொருந்திய பொட்டலங்களை எண்ணி வைக்கிறது. போக்குவரத்து இருந்தும் ஒரு தடை விதியின் எண்ணிக்கை சுழியமாகவே நின்றால், அதற்கு மேலுள்ள விதிகளை ஆராய வேண்டும்.