ஐரோப்பிய கார்களுக்கான எஞ்சின் ஆயில் தரக்குறியீடு
ஐரோப்பிய கார்களுக்கு ஆயில் தேர்ந்தெடுக்க 5டபிள்யூ-30 போன்ற பாகுத்தன்மை எண் மட்டும் போதாது. கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணே முதன்மையானது. ஃபோக்ஸ்வேகன் 504 00/507 00, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 ஆகியவை அத்தகையவை. டப்பாவில் ‘ஒப்புதல் பெற்றது’ என்றிருந்தால் கார் நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்று பொருள். ‘தேவைகளை நிறைவு செய்வது’ என்பது ஆயில் தயாரிப்பாளரின் கூற்று மட்டுமே.

உறைபனி காணாத கடலூர், சிதம்பரம் பகுதியில் ‘டபிள்யூ’வுக்கு முன்னுள்ள குளிர்கால எண்ணுக்கு முக்கியத்துவம் குறைவு. 150 டிகிரி செல்சியசில் அளக்கும் உயர்வெப்பப் பாகுத்தன்மையே கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் (ஏசிஇஏ) சி3 வகை ஆயிலில் அது குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-நொடி. இவ்வகையில் சாம்பலும் 0.8 விழுக்காட்டைத் தாண்டாது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிப்படி புகைக்கரி வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே பொருந்தும். சாம்பல் மிகுந்தது வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும்.