வீட்டுக்குப் பின்னால் ஓர் உலை: பொழுதுபோக்காக இரும்படிக்க நினைப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் கொல்லுப் பட்டறை புதிதல்ல. மண்வெட்டி மழுங்கினாலும் அரிவாளின் பிடி கழன்றாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்தது. இன்று செம்பனைக் குலை வெட்டும் உளியும் அரிவாளும் கடையில் கிடைக்கின்றன. தேய்ந்தால் வேறு வாங்கிக்கொள்கிறோம். ஆனால் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் வேலையில் சிலருக்கு ஆசை விடவில்லை. வார இறுதியில் ஒரு விளக்குக் கொக்கி, பூந்தொட்டி மாட்ட ஒரு சுருள் கம்பி, சாமி அறைக்கு ஒரு சிறு சூலம் என்று அடித்து நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

உலைக்குப் பெரிய செலவில்லை. பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று, அதன் அடித்துளையில் பொருத்த ஓர் இரும்புக் குழாய், காற்றுக்கு முடி உலர்த்தும் ஊதி. தாத்தா காலத்துத் துருத்தியின் வேலையை அந்த ஊதி செய்துவிடும். டிரம்மில் ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டி ஊதக்கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. நனைத்துக் கழுவுங்கள்.

குழாய் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கையில் கிடைக்கும் வெள்ளைத் தண்ணீர்க் குழாயில் துத்தநாகம் பூசியிருக்கும். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். உலை அதைவிடச் சூடானது. அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பூச்சில்லாத கறுப்புக் குழாயே வேண்டும். பழைய வேலிக் கம்பி, பூச்சுள்ள போல்ட் எதுவும் உலைக்குள் போகக்கூடாது.

கரிக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பேராக்கில் தைப்பிங்கை அடுத்த கோலா செப்பெத்தாங் சூளைகளில் பக்காவ் மரக்கரி இன்றும் தயாராகிறது. அதற்கு மரம் தரும் மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்புள்ளது. 30 ஆண்டு சுழற்சியில் வெட்டப்பட்டு மீண்டும் வளர்க்கப்படுகிறது. கரியைக் கோழிமுட்டை அளவுக்கு உடைத்துப் போட்டால் சூடு ஒரே சீராக இருக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆளை மயக்கிக் கொல்லும். ஆகவே சமையலறையிலோ கதவடைத்த கார் கொட்டகையிலோ உலை மூட்டவே கூடாது. உலையை வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் மணல் மேல் வைப்பது நல்லது. ஈரம் கோத்த சிமெண்ட் சூட்டில் வெடித்துச் சிதறும்.

அடைகல்லுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கனமான எஃகுக் கட்டியே போதும். தண்டவாளத் துண்டும் உதவும், ஆனால் ரசீது தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். ரயில் பாதையோரம் கிடப்பதைத் தொட்டால் திருட்டு வழக்கு. தாமான் வரிசை வீடுகளில் பெரிய தொல்லை சத்தம். தண்டவாளம் மணிபோல ஒலிக்கும். அதை மரக்கட்டையில் இறுக்கி, பக்கத்தில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டிவைத்தால் ஒலி வெகுவாக அடங்கும்.

அலங்கார வேலைக்கு ஏற்றது சாதாரண மைல்ட் ஸ்டீல் சதுரக் கம்பி. 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் ஏறத்தாழ 1.13 கிலோ எடை வரும். கிரில் அடிக்கும் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடைக்கும். லாரியின் பட்டை வில்லைப் பலரும் தேடிப் போகிறார்கள், அது கத்திக்கானது. கரிமம் அதிகம் உள்ள அந்த எஃகைச் செஞ்சூட்டில் தண்ணீரில் முக்கினால் வெடிப்பு விடலாம்.

சூட்டை நிறத்தால் அறிவதுதான் இந்தத் தொழிலின் பாதி. மங்கிய சிவப்பு 700 பாகை அளவு. அதில் அடித்தால் இரும்பு முரண்டு பிடிக்கும். ஆரஞ்சு நிறமும் மஞ்சளும் 1,000 முதல் 1,200 வரை, அடிக்க ஏற்ற சூடு. வெண்மையாகி மத்தாப்பு போலப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது. அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் இந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. நிழல் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல் தொடங்குங்கள். நிறம் மறைந்து கறுத்த இரும்பும் 400 பாகை வரை இருக்கலாம். பட்டறைக் காயங்களில் பலவும் கறுத்த இரும்பைத் தொட்டதால் வருபவை.

முனை கூராக்குவதில் ஒரு கணக்கு உண்டு. அடிப்பதால் இரும்பு குறைவதில்லை, இடம் மாறுகிறது. 9 சென்டிமீட்டர் கூர்முனை வேண்டுமானால் 3 சென்டிமீட்டர் கம்பி போதும், கூம்பின் கன அளவு மூன்றில் ஒரு பங்கு என்பதால். முதலில் நாலு பட்டையாகவே அடித்துக் கூராக்கி, பிறகு எட்டுப் பட்டை, கடைசியில் உருட்டை. எடுத்த எடுப்பில் உருட்டினால் நுனி பிளந்துவிடும். முறுக்கு வேலைக்குச் சதுரக் கம்பிதான். உருண்டைக் கம்பியை முறுக்கினால் முறுக்கே தெரியாது. ஒரு பக்கம் வேகமாக முறுகினால் அங்கே மட்டும் கெண்டித் தண்ணீரைச் சொட்டவிட்டு நிறுத்தலாம்.

பருத்தி உடை, மூடிய காலணி, கண்ணாடி கட்டாயம். பந்து விளையாடும் ஜெர்சி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சிலிப்பரோடு உலை முன் நிற்பவரைப் பார்த்தால் எனக்கே கால் கூசுகிறது.

நண்பர்கள் கேட்பவற்றில் இரண்டுக்கு யோசிக்க வேண்டும். ஒன்று பாராங். 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. அடித்துக் கொடுத்தபின் அது எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. முனீஸ்வரர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் அரிவாள் என்றால், கோயில் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, மைல்ட் ஸ்டீலில் விளிம்பு தீட்டாமல் செய்து கொடுக்கலாம்.

இன்னொன்று தொட்டில் கொக்கி. பிள்ளை பிறந்த வீட்டில் ஆசையாகக் கேட்பார்கள். கொக்கியின் வளைவில் மடிப்பு விழுந்து மூடியிருந்தால் வெளியே தெரியாது. ஆடி ஆடி ஒருநாள் அங்கேதான் ஒடியும். தொடக்க நிலையில் இருப்பவர் இதை மறுத்துவிடலாம், நட்பு கெடாது. ஆசைக்கு அதே தொட்டிலில் பொம்மை மாட்டும் சுருள் கம்பி ஒன்று அடித்துக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கம்பித் தூரிகையால் செதிலைத் தேய்த்து, கை வைக்க முடியாத இளஞ்சூட்டில் தேன்மெழுகு தடவினால் கறுப்பு மினுமினுப்பு வரும். அது வீட்டுக்குள் மாட்டுவதற்கு மட்டும். மழை படும் வாசலுக்கு என்றால் துருத் தடுப்பு வண்ணம் ஒரு பூச்சு, மேலே எண்ணெய் வண்ணம் இரண்டு பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் நம் காற்றின் ஈரத்தில் சீக்கிரமே துரு இறங்கிச் சுவரில் கோடு போடும்.